நெஞ்சுக்கும் ஒருக்கா

இன்னும் ரெண்டு டம்ளர் குடிக்கச் சொல்லு அம்மிணி. மூத்திரப்பை முட்டுனாத்தான் ஸ்கேன்ல கல்லு தெளிவாத் தெரியும். நான் இங்க ஆயா வேலைக்கு வந்து மூணு வருசமாச்சு, எந்நேரமும் இதே பாட்டுத்தான். தம்பி, நீங்க அப்படியே வராண்டாவுல நடந்துட்டே குடிங்க, சீக்கிரம் ரொம்பும். நீ உக்காரு கண்ணு.

எத்தனாவது கல்லு? மூணாவதா? அட சாமி, இந்த வயசுலயா! என்ன வேலைக்குப் போறாரு? ஓ, ரிக் வண்டியா. அப்புறம் வராம என்ன பண்ணும். வெய்யில்ல நின்னு போர் போடறவங்களுக்குத் தண்ணி குடிக்க எங்க நேரம்.

எங்கூட்டுக்காரரு முட்டை லோடு ஓட்டுனவருங்க. நாமக்கல்லுல ஏத்துனா பாலக்காடு தாண்டித்தான் நிறுத்துவாரு. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு எறங்கோணும், எறங்குனா நேரமாவும், முட்டை கெட்டுப்போவும்னு, குடுத்துவுட்ட பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டாருவாரு. கேட்டா, முட்டைக்கு இருக்கற அவசரம் எனக்கு இருக்குதான்னு சிரிப்பாரு.

நாலு தடவ கல்லு வந்துச்சுங்க. மொதத் தடவ தரையில உழுந்து உருண்டாரு. புள்ளை பெக்கற வலியெல்லாம் இதுக்கு மின்னால எம்மாத்திரம்னு எங்கிட்டயே சொல்றாரு, ரெண்டு பெத்தவகிட்ட! அப்புறமேல்ட்டு பழகிப்போச்சு. வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணி, கொள்ளுத் தண்ணி. கல்லு உழுந்துட்டா அதை மாத்திரை டப்பாவுல போட்டு, லோடு ஏத்தற எடத்துல எல்லாத்துக்கும் காட்டுவாரு, என்னமோ மகன் மார்க்கு வாங்கிட்டாப்புல.

ஒண்ணு சொல்றேன், பயந்துக்காதே. அடிக்கடி கல்லு வாரவங்களுக்கு கல்லாவுற அந்தச் சுண்ணாம்பு கிட்னியோட நிக்கும்னு இல்லையாம். ரத்தக் கொழாயிலயும் படியுமாம், நம்ம போர்த் தண்ணி காய்ச்சற குண்டாவுல வெள்ளையாப் படியுதில்ல, அப்படி. எல்லாத்துக்கும் வரும்னு இல்ல. ஆனா டாக்டரைப் பாக்கறப்போ கல்லை மட்டும் கேட்டுட்டு வந்துராதே. பிரசர் எப்படி, நெஞ்சு எப்படின்னு ஒரு வார்த்தை கேளு. அவரு வேண்டாம்னாலும் நீ கேளு.

எங்கூட்டுக்காரரா? இல்லைங்க, அவரு இப்ப இல்லை. வார ஆடியோட நாலு வருசம்.

எறக்கிப்போட்டு காலி வண்டியில திரும்பி வாரப்போ, வாளையார் தாண்டி போன் பண்ணுனாரு. காலைல பதினோரு மணி. சாரதா, மறுக்கா கல்லு வந்துருச்சாட்ட இருக்குது, இந்தத் தடவ மேலாக்க முதுகுல வலிக்குது, கையெல்லாம் கடுக்குதுன்னாரு. நான் மாவாட்டிட்டு இருந்தேன். கிரைண்டரக்கூட நிறுத்தல. கல்லுதான், தண்ணி குடிச்சுப்போட்டு செத்த படுங்க, அடங்கிரும்னேன். செரின்னாரு. நான் சொன்னா கேப்பாருங்க அந்த மனுசன். வண்டிய ஓரங்கட்டிட்டு கேபின்லயே படுத்துட்டாரு. பின்னால வந்த வண்டிக்காரங்கதான் பாத்துருக்காங்க. அன்னைக்கு பாட்டில்ல ஒரு சொட்டு மிச்சமில்லையாம்.

நீ எதுக்கு அழுவறே? உன்ற ஊட்டுக்காரரு நல்லாத்தான இருக்கறாரு, கண்ணைத் தொடச்சுக்கோ.

கொழாயில படியற கதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமா? டாக்டர் சொன்னாரு. செத்தப்புறம் இல்ல கண்ணு, அதுக்கு மின்னாடியே. நாலாவது கல்லுக்குப் போனப்போ, எங்கூட்டுக்காரரு மாத்திரை வாங்கப் போயிட்டாரு. டாக்டர் என்னையக் கூப்பிட்டு, நெஞ்சுக்கும் ஒருக்கா பாத்துருங்கம்மான்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. அந்த மாசந்தான் இவருகூட ஓட்டுன வெள்ளியங்கிரி அண்ணனுக்கு நெஞ்சுல ஸ்டெண்டு வெச்சு, இனி ஸ்டேரிங்கைத் தொடாதேன்னு ஓனரு சொல்லிட்டாரு. அந்த அண்ணன் லாரி ஆபீசு வாசல்ல உக்காந்து, போற வார வண்டிய எண்ணிட்டு இருக்கறாருன்னு சொல்லி எங்கூட்டுக்காரரு சோத்துல கைய வெச்சுட்டு அழுதாரு. வண்டிய உட்டு எறங்குனா இவரு உசுரோட இருக்கமாட்டாருன்னு நெனச்சேன். சீட்டை மடிச்சு மடியில சொருகிட்டேன்.

டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லையாம், நல்லாருக்கறீங்களாம்னேன். அந்தச் சந்தோசத்துல பஸ் ஸ்டேண்டுல எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் குடுத்தாரு. எனக்குத் தொண்டை கட்டிக்கும்னு, ஐஸ் போடவேண்டாம்னு கடைக்காரருகிட்ட அவரேதான் சொன்னாரு.