எந்தக் கேஸு மதினி?

பின்னாடி சீட்டு ஆளு சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு மதினி. மாயக்கா ஒரு மாதிரிக் கேஸுன்னு. நீங்க எம்.ரெட்டியபட்டியில பஸ் ஏறுனவுக, உங்களுக்கு என்னயத் தெரியாது. அவரு எங்க பரளச்சிதேன். இருபது வருசமா இதத்தேன் சொல்றாரு. சொல்லட்டும்.

ஆமா, கோர்ட்டுக்குத்தேன் போறேன். சாட்சி சொல்ல.

என்ன கேஸா? எந்தக் கேஸக் கேக்குறீக? எனக்கு மொதல்ல தெரிஞ்சது அடுப்புல எரியிற கேஸுதேன், அதுவும் அடுத்தவுக வீட்டுல. எம் புருசன் லாரியில போனவரு திரும்பி வரலை. அருப்புக்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில ஆயா வேலைக்குச் சேந்தேன். பொம்பள ஒண்டியா டவுனுக்குப் போயிட்டு வந்தா ஊருக்குள்ள அவ பேரு கேஸு.

ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கயும் அதே சொல்லு. வாரவுக யாருக்கும் பேரே கெடையாது மதினி. பிரசவக் கேஸு வந்திருக்கு, மாயக்கா ஸ்ட்ரெச்சரத் தள்ளு. பாம்புக்கடிக் கேஸு, துணிய மாத்து. நான் மூஞ்சியப் பாத்து, ஒம் பேரென்ன தாயின்னு கேப்பேன். நர்சுமாரு சிரிப்பாக. கேவலமான சொல்லுன்னு நெனச்சிருந்தேன். அங்கன வலியோட வந்தவுகளுக்கெல்லாம் அதான் பேரு. அப்பறம் எனக்கென்ன கோவம்?

போன ஐப்பசியில ஒரு மத்தியானம். மண்டை ஒடஞ்ச கேஸு வந்திருக்குன்னு கூப்பிட்டாக. போயிப் பாத்தா ரேணுகாதேவி. மூணு மாசம் முழுகாம இருந்தா. புருசங்காரன் பக்கத்துலயே நிக்கிறான். படியில வழுக்கி விழுந்துட்டாங்கிறான். அந்தப் பிள்ள அவனையே பாக்குது. காயத்தத் தொடச்சேன். காதுக்கு மேல பொளந்திருக்கு. கையில பாத்தா வெரலு வெரலாத் தடம். படி எங்கயாச்சும் கையப் புடிச்சு முறுக்குமா மதினி?

டாக்டரம்மா கேட்டாக, விபத்துக் கேஸா, போலீஸ் கேஸா, என்னன்னு எழுதட்டும்னு. அவன் என்னயப் பாத்துத் தலைய ஆட்டுறான், பேசாம இருங்கிற மாதிரி. நான் குனிஞ்சு அந்தப் பிள்ளகிட்டக் கேட்டேன், நீ சொல்றியா, நாஞ் சொல்லட்டுமான்னு. எங்கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. அம்புட்டுத்தேன். போலீஸ் கேஸுன்னு எழுதுங்கம்மான்னேன்.

அப்பறம் ஊரே கூடி என்னயக் கூப்பிட்டுச்சு, வாபஸ் வாங்கச் சொல்லி. ஆம்பளன்னா கை நீட்டத்தேன் செய்வான், அத வெளிய சொல்றவதேன் கேஸுன்னாக. ஆமாய்யா, நான் கேஸுதேன், எழுதிக்கோங்கன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

வக்கீலு சொல்லியிருக்காரு, கூண்டுல நிக்கும்போது அவன் மூஞ்சியப் பாக்காதீக, மனசு எளகிரும்னு. பாப்பேன் மதினி. பாத்துக்கிட்டேதேன் சொல்லுவேன்.

ஏன் எளகணுமா?

அவன் பேரு பாண்டிராஜு. எனக்கு ஒரே மகன். நாந்தேன் பெத்தேன்.

இந்தா, உங்களுக்கு அங்கிட்டு சன்னலோரமா கைப்பிள்ளையோட கண்ணசந்து கெடக்காளே, அவதேன் ரேணுகா. எங்கூடத்தேன் இருக்கா. செத்த தள்ளி உக்காருங்க, பிள்ளைக்குக் காத்து வரட்டும்.