தாய்மாமனுக்கு முதல் ஜோக்

சங்கரன்கோவிலில் மதுரைப் பேருந்து புறப்படும் நேரம். என் முன் இருக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கோபமாக எழுந்தார். பக்கத்தில், அன்று மாலை முதன்முதலாக ஸ்டாண்ட்-அப் காமெடி செய்யப்போகிற அவருடைய அக்காள் மகன்.

"நான் வரலலே. இறங்குதேன்."

"நீங்க இல்லாம எப்படி மாமா மேடை ஏறுவேன்? உங்களப் பத்தி ஒரு ஜோக்குகூட வைக்கலயே!"

"அதாம்லே கேக்கேன். ஒங்க சித்தப்பன் கஞ்சத்தனத்துக்குப் பத்து நிமிசம். தாய்மாமன் நான் என்ன செத்தா போயிட்டேன்?"

காதுகுத்து முதல் கல்யாணம்வரை தாய்மாமனுக்கே முதலிடம். காமெடிக்கு விதிவிலக்கு அளித்து எந்த உத்தரவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"அப்பம் உங்க டோப்பாவ வச்சே ஆரம்பிக்கட்டா மாமா?" என்று பையன் மகிழ்ச்சியில் உரக்கக் கேட்டான்.

பேருந்து முழுவதும் அவர் தலையைப் பார்த்தது.

அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"சித்தப்பனே மொதல்ல வரட்டும்லே."