நான்கு விரல் கூடுதல்

தையல் பிரிப்பது எனக்குப் பிடிக்காத வேலை, ஐயா. அரை மணியில் தைத்ததைப் பிரிக்க இரண்டு மணி ஆகும். நூல் துணுக்குகள் உடுத்திய துணியில் ஒட்டிக்கொண்டு போகிற இடமெல்லாம் கூடவே வரும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்கு எளிதில் புரியும்.

என் கணவர் கட்டட வரைபடம் போடுகிறவர். விடுமுறை கிடைத்தால் மலைக்குப் போய், இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி அதில் படுப்பார். ஹேமக் என்பார். எனக்கு அது பெரியவர்களுக்கான தூளி. அதில் படுத்தால் கீழிருந்து வரும் காற்று முதுகை விறைக்க வைக்கும். உள்ளே எதை விரித்தாலும் உடம்பு அழுத்திச் சப்பையாகிவிடும். அதனால் தூளிக்கு வெளியே, அடியில் தொங்கும்படி ஒரு பஞ்சுப் போர்வை வேண்டும் என்றார்.

"வீட்டுலயே மெஷின் இருக்கு. நீயும் சும்மாதானே இருக்க."

நான் சும்மா இல்லை. பதினாறு வருடமாக சோபா மெத்தைகளுக்கு உறை தைத்துக் கொடுக்கிறேன்.

தாளில் அளவு வரைந்து தந்தார். உள்துணியும் வெளித்துணியும் ஒரே அளவு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வளைந்து தொங்குகிற பொருளுக்கு வெளித்துணி நான்கு விரலாவது பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் படுத்ததும் அது இறுகிப் பஞ்சை நசுக்கிவிடும். உப்பி நிற்காத பஞ்சு குளிரைத் தடுக்காது. சொன்னேன்.

"நீ தையலப் பாரு. கணக்க நான் பாத்துக்கறேன்."

முதல் தடவை ஓரம் கோணல் என்று பிரிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை நூலின் நிறம் பிடிக்கவில்லை. மூன்றாம் தடவை காரணம்கூடச் சொல்லவில்லை, தாளைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தேன். நான்காம் தடவை வாயைத் திறக்காமல் வெளித்துணியை நான்கு விரல் கூடுதலாக வெட்டித் தைத்தேன்.

பால்கனியில் தூளியைக் கட்டிப் படுத்துப் பார்த்தார். நல்ல குளிர்காலம். காலையில் வியர்த்துப்போய் எழுந்தார். உடனே அலுவலக நண்பருக்குப் போன் போட்டு, "டிசைன் முழுக்க என்னோடது. அவ சும்மா மெஷின ஓட்டினா" என்றார். நான் பக்கத்தில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். மத்தியானம் டேப்பை எடுத்து அளந்தார்.

"இது நான் எழுதின அளவு இல்லையே. சாக்கு மாதிரி தொளதொளன்னு இருந்தே இந்தச் சூடுன்னா, இறுக்கித் தச்சா எப்படி இருக்கும்? பிரி."

பிரித்தேன். இந்தத் தடவை தாளில் இருந்தபடியே, நூலிழை பிசகாமல் தைத்தேன். அவரே அளந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லயே" என்றார். என் தையலுக்கு அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

"இன்னொரு தடவ படுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அதான் பாத்தாச்சே. உங்க கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு?" என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

வனக் காவலர் அவரை மலையிலிருந்து தூளியோடு இறக்கிக் கொண்டுவந்த பிறகு, அந்தப் போர்வையை நீங்களே அளந்தீர்கள். தாளுக்கும் அதற்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. கணவர் சொன்ன அளவில் தைத்ததைக் குற்றம் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? என்னைக் கேட்டால், அவரைக் கொன்றது அவருடைய கணக்குதான்.

கம்பளியைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் அதைப் பையில் மடித்து வைத்திருந்தார். சுமை குறையட்டுமே என்று நான்தான் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் போன் செய்தார். அந்த மலையில் விடுதி வாசலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். தூளி கட்டிய இடத்துக்கு அங்கிருந்து காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். பை அங்கேதான் இருந்தது.

"நேத்து முதுகு மரத்தே போச்சு. நீ எங்கயோ தப்பாத் தச்சிருக்க. வந்ததும் எல்லாத்தையும் பிரிக்கணும்" என்றார்.

நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன்.

"இன்னைக்கு உறைபனி விழும்கறாங்க. கம்பளி பையில இருக்கா? நேத்து இருட்டுல தேடினேன், அகப்படல. இல்லன்னா சொல்லு, நான் இங்க விடுதியிலயே படுத்துக்கறேன்."

"அடியில இருக்குங்க. நல்லாத் தேடிப் பாருங்க" என்றேன்.

கம்பளி அப்போது என் மடியில் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் தையல் விட்டிருந்தது. அதைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.