கல்வராயன் மலைக்கு ஜீப்பு பேசியாச்சு

— அமிர்தம், தனுசா மாட்டேன்னு சொல்லமாட்டா. நீ கூப்ட்டா வருவா. நான் கூப்ட்டாதான் யோசிப்பா.

— யோசிக்காம? எட்டு மாசத்துக்கு முன்னாடி இந்த வாசல்ல நின்னு நீங்க பேசுன பேச்சு அப்படி. ரெண்டு பேரையும் வெட்டிப் பொதைப்பேன்னு ஊரு கேக்க சொன்னீங்களே.

— அது அன்னிக்கு. பெத்தவனுக்கு ஆத்திரம் வராதா? ஒரே பொண்ணு. காலேஜுக்குப் போய்க்கினு இருந்தவ, காலனி பையன் கையால தாலி கட்டிக்கினு வந்து நின்னா, எவன் மால போட்டுக் கூப்டுவான்?

— இளஞ்செழியன்னு அவனுக்கு ஒரு பேரு இருக்குதுங்க.

— சரி, இளஞ்செழியன். போதுமா? அவனத்தான் வரச்சொல்றேன். மாமனாரும் மருமவனும் ஒக்காந்து பேசித் தீத்துக்கறோம்.

— பேசறதுக்கு நம்ம வூடு இருக்குதே. எதுக்கு கல்ராயன் மலைக்குப் போவணும்?

— வூட்டுக்குக் கூப்ட்டா தெருவே கூடி நிக்கும். மலையில புதுசா இயற்கை மையம்னு ஒண்ணு தொறந்திருக்காங்க. பறவப் படம், பூச்சிப் படம், மூலிகத் தோட்டம், காட்டுக்குள்ள நடக்கறதுக்குப் பாத. நம்மள தெரிஞ்சவங்க ஒருத்தரும் அங்க இருக்கமாட்டாங்க. அவனுக்கும் காடு மேடு சுத்தறதுன்னா உயிராமே, தனுசாவே சொல்லியிருக்கா.

— கண்ணாலம் ஆயி இருவத்தஞ்சு வருசம். சின்னசேலத்துக்கு அந்தாண்ட என்னை ஒருநாள் கூட்டிக்கினு போனதில்ல நீங்க.

— அதான் இப்ப போறோம்ல. புளிசோறு கட்டு, உருளக்கெழங்கு வறு. ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு ஜீப்பு தியாகதுருகத்துல வந்து நிக்கும். அவளுக்குப் பொடவகூட எடுத்து வெச்சிருக்கேன். கள்ளக்குறிச்சியில நவுஷாத் பாய் கடையில, பச்சக் கலரு.

— நெசமாவா? பச்சன்னா அவளுக்கு ரொம்பப் புடிக்கும். எட்டு மாசமா திருப்பூருல இருக்கற எம் பொண்ணு மூஞ்சிய போன்லதான் பாத்துக்கினு இருக்கேன். மருமவனுக்கு இன்னா எடுத்தீங்க?

— அவனுக்கு எதுக்கு?

— ஒரு வேட்டி சட்ட எடுக்கக்கூடாதா?

— மறந்துட்டேன். வுடு. சொன்னா சொன்னதுதான், போனப் போடு.

— போடறேன். பாத எவ்ளோ தூரம்?

— ரெண்டு பாத இருக்குது. சின்னது, மையத்த சுத்தி ஒரு கிலோமீட்டரு. வயசானவங்ககூட நடக்கலாம். பெருசு ஆறு கிலோமீட்டரு. அருவி வுழுவுற எடத்துக்கு மேல ஏறிப்போயி ஒரு பாறையில முடியுது. அதுலதான் போறோம்.

— பாறைக்குக் கம்பி கிம்பி இருக்குதா?

— ஏன் கேக்கற?

— சும்மா கேட்டேன். தனுசா அவ்ளோ தூரம் நடக்கமாட்டா.

— ஏன் நடக்கமாட்டா? கொமரிப் பொண்ணு.

— அவளுக்கு அஞ்சு மாசம்.

— இன்னா சொன்ன?

— முழுகாம இருக்கா. போன வாரம்தான் சொன்னா. ஒங்ககிட்ட சொல்லவேணாம்னா, எனக்கு மனசு கேக்கல. தாத்தா ஆவப்போறீங்க.

— அவன் ரத்தம்.

— ஒங்க ரத்தமும்தான்.

— சரி. அவ ஒங்கூட கீழயே இருக்கட்டும். மூலிகத் தோட்டம் பாத்துக்கினு இருங்க. நானும் அவனும் மட்டும் மேல போய்ட்டு வர்றோம்.

— தனியா வுடமாட்டாங்களே. பக்கத்து வூட்டு ஜெயசுதா போனப்ப, நோட்டுல பேரெழுதிக்கினு, வழிகாட்டி ஒருத்தர கூடவே அனுப்புனாங்களாம்.

— அந்தாள பாதி வழியில ஒக்கார வெச்சுடலாம். குடும்ப விசயம், தனியா பேசணும்னு சொன்னா புரிஞ்சிக்குவாரு. நீ நோண்டி நோண்டிக் கேக்காத.

— சும்மாதாங்க கேட்டேன். இந்தாங்க, ஒங்க போனு அடிக்குது. வீரமணின்னு வருது.

— ஜீப்பு டிரைவரு. கையில சோறா இருக்குது, நீ எடுத்து ஸ்பீக்கர்ல போடு.

— அண்ணே, வீரமணி பேசறேன். ஞாயித்துக்கெழம வண்டி ரெடி, பிரச்சன இல்ல. ஒரே ஒரு சந்தேகம்ண்ணே, ஓனரு கேக்கறாரு. போறப்ப நாலு சீட்டு, வர்றப்ப மூணு சீட்டுன்னு சொல்லி எரநூறு ரூவா கம்மி பண்ணீங்களே. அந்த ஒருத்தரு மேலயே தங்கறாரா? தங்கறதுன்னா சொல்லுங்க, தெரிஞ்ச எடத்துல ரூம்பு போட்டுடலாம், பிரச்சன இல்ல.

— வைடா போன.

— அண்ணே?

— அப்பறம் பேசறேன். வை.

— வெச்சுட்டான். இன்னாங்க, மேலயே தங்கப்போற அந்த ஒருத்தரு யாரு?

— கொழம்பு ஊத்து.

— நாலு பேரு போறோம், மூணு பேரு வர்றோம். அதுல எரநூறு ரூவா மிச்சம் பாத்திருக்க. கொல பண்றதுலயும் பேரம் பேசுவியா நீ?

— சத்தம் போடாத.

— பொடவ எடுத்தேன்னு சொன்னதும் நம்பிட்டேனே, நான் ஒரு பைத்தியக்காரி. அந்தப் பையனோட அப்பன் கைய ஒடச்ச. அவங்க கறவ மாட்டுக்கு வெஷம் வெச்ச. ஏன்யா இப்படி பண்ணன்னு ஒருநாள் கேட்டேன், முன்பல்லு ரெண்டு போச்சு எனக்கு.

— மிச்சமும் போவும். வாய மூடு.

— மூடமாட்டேன். இப்பவே தனுசாகிட்ட சொல்றேன். போன ஏன் புடுங்கற, குடு. குடுங்கறேன்ல. முடிய வுடுய்யா. சொவத்துல மோதாத, வுடு, வலிக்குது, வுடு.

— கேளு. நல்லா காதுல வாங்கிக்க. மல இல்லன்னா திருப்பூரு. அவன் எந்த பனியன் கம்பெனிக்குப் போறான்னு தெரியும், எந்தத் தெருவுல குடியிருக்கான்னு தெரியும், காலையில எத்தன மணிக்குப் பால் வாங்க வர்றான்னும் தெரியும். நேர்ல போயே பாத்துட்டு வந்துட்டேன். அங்க செஞ்சா அருவாள்லதான் செய்யணும், அவ கண்ணு முன்னால. அவ குறுக்க வந்து வுழுந்தா அவளுக்கும் வெட்டு, வயித்துல இருக்கறதுக்கும் வெட்டு. மலையில கால் வழுக்கி வுழுந்துட்டான்னா அவன் ஒருத்தனோட முடிஞ்சுடும். எது மேலு, நீயே சொல்லு.

— போலீசுக்குப் போவேன்.

— போ. மாட்டு விசயத்துல கூப்டாங்க, எழுதிக் குடுத்துட்டு மத்தியானமே வூட்டுக்கு வந்து சாப்ட்டவன் நான். நான் உயிரோட இருக்கற வரைக்கும் அவன் எம் மருமவன்னு சொல்லிக்கினு திரியமுடியாது. சொன்னா சொன்னதுதான்.

— கொஞ்சம் தண்ணி குடு.

— இந்தா.

— சரிங்க.

— இன்னா சரி?

— திருப்பூருல வேணாம். எம் பொண்ணு கண்ணால பாக்கவேணாம். நீங்க சொல்றபடியே மலையிலயே ஆவட்டும். ஆனா அந்தப் பாறைய நீங்க பாத்திருக்கீங்களா?

— போன்ல போட்டோ பாத்தேன்.

— போட்டோவ நம்பியா போவீங்க? எங்க ஜனம் வரும், எங்க வழுக்கும், ஒண்ணும் தெரியாம போயி நின்னா? அவன் மல ஏறிப் பழகுனவன், நீங்க நம்ம கெணத்துல எறங்குறதுக்கே சொவத்தப் புடிச்சிக்கினு எறங்குறவரு. ஒசரத்துல நின்னா ஒங்களுக்குத் தல சுத்தும்.

— அதுவும் நெசந்தான்.

— நாளைக்கே நம்ம ரெண்டு பேரும் போயி எடத்தப் பாத்துட்டு வந்துடலாம். புருசன் பொண்டாட்டி சுத்திப்பாக்க வந்தாங்கன்னு நெனைப்பாங்க. நானும் பாற வரைக்கும் வர்றேன், கையப் புடிச்சிக்கறேன். எடம் தோதா இருந்தா, வந்ததும் தனுசாவ கூப்டறேன். நான் கூப்ட்டா அவ வருவா.

— இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் எம் பொண்டாட்டி மாதிரி பேசியிருக்க.

— மோட்டாருக்குக் கரண்டு வந்திருக்கும். கரும்புக்குத் தண்ணி வுட்டுட்டு வாங்க. ஒங்க போன வெச்சுட்டுப் போங்க, ஜீப்புக்காரங்கிட்ட நானே சொல்லிடறேன்.

— சொல்லு. வாயில ரத்தமா இருக்குது, தொடச்சிக்க.

— தொடச்சிக்கறேன். நீங்க போங்க.

— வரப்புக்குக் கெளம்பிட்டேன், சோத்த மூடி வை.

— ஹலோ, வீரமணியா? ராஜாங்கம் வூட்டுல பேசறேன்.

— சொல்லுங்க அண்ணி. அண்ணன் கோவமா வெச்சுட்டாரே, நான் எதுனா தப்பா கேட்டுட்டேனா?

— நீ கேட்டது நல்லதாப் போச்சு தம்பி. ஞாயித்துக்கெழம வண்டி வேணாம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடு.

— வந்துடறேன் அண்ணி, பிரச்சன இல்ல. எத்தன சீட்டு?

— போறப்ப ரெண்டு. நானும் ஒங்க அண்ணனும்.

— வர்றப்ப?

— வர்றப்ப எனக்கு ஒண்ணு போதும்.