பிடி அண்ணனின் கோப்பில் நாற்பத்திரண்டாம் பக்கம்

முப்பத்தோர் ஆண்டுகள் முழங்கால் தரையில் பதிய, முதுகு சக்கரத்துக்கு வளைய, முகம் மட்டும் எவர் முன்னும் குனியாது உழைத்து, இன்று மாலை ஐந்து மணியோடு ஓய்வு பெறும் எங்கள் பிரேக் பிரிவின் மூத்த மெக்கானிக்கே! ஓடும் வண்டியை ஊரே பாராட்டும் உலகில், நிற்கும் வண்டிக்காக வாழ்ந்தவரே! பத்தொன்பது பிக்கப் வண்டிகளின் பாதங்களைப் பற்றியிருந்த பெருங்கையே! பேச்சில் கஞ்சரே, பிடிவாதத்தில் வள்ளலே! எங்கள் பிடி அண்ணனே!

வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, பணிமனையில் பொறியியல் பட்டம் படித்தவள் என்பதால் என்னிடம் வந்தது. "நல்ல தமிழ்ல, நாலு உவமையோட, ஒரு பக்கத்துக்குள்ள முடிச்சிடும்மா" என்றார் மேலாளர். நல்ல தமிழுக்கு முயன்றிருக்கிறேன். ஒரு பக்கத்துக்குள் முடியவில்லை. உவமைக்காக வெளியே அலையவும் இல்லை. மலையே, கடலே, மணிவிளக்கே என்று அழைத்தால், "அது எந்த வண்டியோட பார்ட்டும்மா?" என்று கேட்கிற ஆள் நீங்கள். ஆகவே உங்கள் மேசைமேல் கிடக்கும் பொருள்களைக் கொண்டே உங்களைப் போற்றுகிறோம்.

விருந்தினராக வந்திருப்போர்க்கு முதலில் அந்தப் பெயரை விளக்க வேண்டும். பிரேக் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு போல் அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே அமர்ந்து பெடலை மிதிக்க, மற்றவர் கீழே படுத்துச் சக்கரத்தின் பின்னுள்ள சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குரல் ஒன்றே இணைப்பு. "மிதி... மிதி... பிடி!" என்று வண்டிக்கடியிலிருந்து நீங்கள் கொடுக்கும் குரல், பணிமனையை ஒட்டிய நம் டைல்ஸ் கிடங்கின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பும். பிடி என்றால் மிதித்த காலை எடுக்காதே என்று பொருள். மேலே இருப்பவர் "பிடிச்சிருக்கேன்" என்று பதில் சொன்ன பிறகே நீங்கள் திருகைத் தொடுவீர்கள். நடுவில் காலை எடுத்தால், வெளியே போன காற்று அதே வழியில் உள்ளே வந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அந்த இருக்கையில் நான் இருந்தேன். கீழிருந்து "பிடி!" என்று குரல் வந்தது. பதற்றத்தில் நான் கத்திய பதில்: "பிடிச்சிருக்கு!" பணிமனையே கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. "யாரன்னு சொல்லும்மா, பேசி முடிச்சிடுவோம்" என்றார் பெயின்டர். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "பிடிச்சா சந்தோஷம். மொதல்ல பெடல பிடி" என்றீர்கள். அன்று உங்கள் மேல் வந்த கோபம் எனக்கு ஒரு மாதம் தீரவில்லை.

உங்கள் பெருமைகளைப் பேசுங்கால், உங்களால் நாங்கள் பட்ட பாட்டையும் பேசாமல் தீராது. ஒரு பக்கத்துப் பிரேக் பேட் தேய்ந்தால் மறு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுவீர்கள். ஸ்டோர்காரர் ஒற்றைப் பேட்டை நீட்டிய நாளில், "உன் செருப்பையும் ஒத்தையாத்தான் வாங்குவியா?" என்று கேட்டு அவரை ஜோடிக்காக ஓட வைத்தீர்கள். பேட்டுகளை டிஸ்க் தட்டின் மேல் அழுத்தும் காலிப்பரைக் கழற்றி அதன் ரப்பர் குழாயில் தொங்கவிட்டால் குழாய் உள்ளுக்குள் கிழியும் என்று, பழைய சைக்கிள் கம்பியை வளைத்து நீங்களே செய்த கொக்கியில் மாட்டுவீர்கள்; அந்தக் கொக்கியை யாராவது இரவல் எடுத்தால் அன்றைக்கு முழுவதும் எவரோடும் பேச்சு இல்லை. புதுப் பேட் போட்ட வண்டியை, வெளியே விடும் முன் கிடங்கின் பின்புற வெற்று மைதானத்தில் இருபது தடவை மெல்ல ஓட்டி, மெல்ல நிறுத்தி, பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும்வரை காத்திருப்பீர்கள். "மாப்பிள்ளை பொண்ணுக்குக் கூட பழக இவ்வளவு நேரம் குடுக்க மாட்டாங்க அண்ணே" என்று ஏழாம் வண்டி ஓட்டுநர் புலம்பாத வாரம் இல்லை.

எல்லாவற்றிலும் நீங்கள் சரி என்றும் எழுத மாட்டேன். பிரேக் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதி ஊதி, உங்கள் நுரையீரலையும் எங்கள் நுரையீரலையும் பாழாக்கிக்கொண்டிருந்தீர்கள். நிறுத்தச் சொன்னேன். "இன்ஜினியரம்மாவுக்குத் தூசி ஆகாதாம், அவங்க ரூம் கதவ சாத்துங்கப்பா" என்றீர்கள். நான் காற்றுக் குழாயின் வால்வைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். ஏழு நாள் பேசவில்லை நீங்கள். எட்டாம் நாள் ஈரத்துணியோடு சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தீர்கள். சாவியைப் பையில் போட்டுக்கொள்வது இந்தப் பணிமனையில் நம் இருவருக்குமே கைவந்த கலை என்பது பிறகு தெரிந்தது.

இனி, எல்லோரும் அறிந்தும் எவரும் மேடையில் பேசாத செய்திக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலை. ஏழாம் வண்டியில் டைல்ஸ் ஏற்றி முடித்தாயிற்று. பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் இழுப்பதாக ஓட்டுநர் சொன்னார். ஆய்வுத் தாளில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் நான் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் நீங்கள். நான் குனிந்து, சரியாகப் பிடிக்காத பக்கமான வலது முன்சக்கரத்தின் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட் பாதிக்கு மேல் இருந்தது. 'நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"சக்கரத்தக் கழட்டினியா?" என்று கேட்டீர்கள்.

"எதுக்கு அண்ணா? வெளியிலேர்ந்தே தெரியுதே."

"எந்தப் பக்கம் தெரிஞ்சுது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "லோடு ஏத்தின வண்டிய இப்பக் கழட்டினா ஒரு மணி நேரம் போயிடும். இன்ஜினியரே நல்லாருக்குன்னு போட்டாச்சு. சைன் பண்ணுங்க" என்றார். நீங்கள் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டீர்கள். "கழட்டாம கையெழுத்து கெடையாது" என்ற மூன்று சொல்லுக்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

அரை மணியில் மெமோ தயாரானது. சொன்னவர் மேலாளர், அதை வாக்கியமாக்கித் தட்டச்சு செய்தவள் நான். 'பொறியாளர் நன்று எனச் சான்றளித்த வாகனத்தைத் தம் தனிப்பட்ட பிடிவாதத்தால் தடுத்து நிறுத்தி, மேலதிகாரியின் உத்தரவை மீறினார்' என்ற வாக்கியம் என்னுடையது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத வாக்கியம்.

சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, பிற்பகலில் அந்தச் சக்கரத்தை நீங்கள் கழற்றினீர்கள். காலிப்பர் முன்னும் பின்னும் நகர வேண்டிய ஊசிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. அதனால் வெளிப்பக்கப் பேட் தேயாமல் பாதிக்கு மேல் நிற்க, உள்பக்கப் பேட் முழுவதும் கரைந்து, இரும்பு டிஸ்க்கை, பேட்டின் முதுகிலுள்ள இரும்பே அறுத்திருந்தது. டிஸ்க்கில் விரல் வைத்தால் வரி வரியாய்த் தட்டியது. நம் வாசலிலிருந்து பிரதான சாலை வரை முழு இறக்கம் என்பதும், இறக்கத்தின் அடியில் பள்ளிக்கூட வாசல் என்பதும், காலையில் வண்டி கிளம்பியிருந்தால் அங்கே போகும்போது, பிள்ளைகள் வரும் நேரமான எட்டரை ஆகியிருக்கும் என்பதும் சுற்றி நின்ற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

அத்தனை பேர் முன்னால் நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "வெளிய நல்லாருந்துச்சு. உள்ள பாக்கல. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, கொக்கியைத் தேடி எடுத்துக் காலிப்பரை மாட்டப் போய்விட்டீர்கள்.

அது அவ்வளவுதான் இல்லை அண்ணா. என் அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் கட்டைவிரலைத்தான் மையில் வைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கையெழுத்து என்பது நான் படித்து வாங்கி வந்த பொருள். என் முதல் சம்பளப் பட்டியலில் நான் போட்ட கையெழுத்தை அப்பா விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் கையெழுத்தைத்தான் பாதிப் பேட்டைப் பார்த்துவிட்டு முழு வண்டிக்குப் போட்டேன். ஏட்டுப் படிப்பு இல்லாத நீங்கள், பார்க்காததற்குக் கையெழுத்து இல்லை என்று நின்றீர்கள். எனக்கு என்மேல் வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. ஆற விடவும் போவதில்லை. அது எனக்கு வேலைக்கு ஆகிறது.

மெமோவோ அதற்குள் பதிவுத் தபாலில் உங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. கையெழுத்திட்டு வாங்கியவர், இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி. "சொன்ன பேச்சு கேக்கலன்னு போட்டிருக்காங்களே, நெஜமாவா?" என்று அண்ணி கேட்க, நீங்கள் "ஆமா" என்றீர்களாம். "இதக் கண்டுபிடிக்க இவங்களுக்கு முப்பது வருஷமா ஆச்சு?" என்றாராம் அண்ணி. எங்களிடம் இதைச் சொல்லிச் சிரித்தவர், சிரித்து முடித்து, "ஆனா அது அப்படியே கோப்புல இருக்குமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்விக்காக மூன்று முறை அலுவலகத்துக்கு எழுதினேன். என் சான்று தவறு, அதன் மேல் எழுந்த மெமோவும் தவறு, நீக்குங்கள் என்று எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது: பதிவான மெமோவை நீக்க விதி இல்லை. முப்பத்தோர் ஆண்டுக்கால உழைப்பின் கோப்பு, நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த மெமோவோடு முடிவதாக இருந்தது. இனி எவர் திறந்தாலும் உங்களைப் பற்றிய கடைசிச் சொல் அதுவாகவே இருந்திருக்கும்.

விதி இல்லை என்றவர்களின் விதிப் புத்தகத்தை முழுதும் படித்தேன். படிக்கத் தெரிந்ததற்கு அதுவாவது பயன். ஓய்வு பெறும் நாளில் பணியாளர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடலின் படி ஒன்று, அவருடைய கோப்பில் இறுதிப் பக்கமாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. இதுவரை எவரும் மதிக்காத விதி. இன்று நாங்கள் மதிக்கிறோம்.

ஆகவே, இந்த நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பதிவு செய்யப்படுவதாவது: ஏழாம் வண்டியின் வலது முன்சக்கரத்தைக் கழற்றாமலே நான் சான்றளித்தேன். இவர் கையெழுத்திட மறுத்தது முற்றிலும் சரி. நாற்பத்தோராம் பக்கத்தில் உள்ள குற்றச்சாட்டு பொய். அதில் 'பிடிவாதம்' என்ற ஒரு சொல் மட்டும் மெய். அதைப் பாராட்டாகப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

தேய்ந்தாலும் தடம் மாறாதவரே! திருகைத் திறக்கும் முன் குரலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவரே! அவசரம் என்ற சொல்லை எங்கள் அகராதியிலிருந்து ஆய்ந்து அகற்றியவரே! மிதித்த இடத்தில் கல்லென நிற்கும் பெடல் போல உங்கள் உடல் உறுதியாய் நிற்கட்டும். ஈரத்துணிக்கு மாறிய பின் குறைந்த அந்த இருமல் இனி திரும்பாதிருக்கட்டும். இறக்கங்களே இல்லாத சாலையை உங்களுக்கு வாழ்த்த மாட்டோம். எந்த இறக்கத்திலும் நிற்கத் தெரிந்தவர் நீங்கள். நெடுங்காலம் நலமாக, நினைத்த இடத்தில் நின்று, நினைத்த நேரம் கிளம்புங்கள். அண்ணி, நாளை முதல் இவர் முழு நேரமும் வீட்டில்தான். சொன்ன பேச்சு கேட்க மாட்டார். மெமோ கொடுக்க விரும்பினால் கொடுங்கள். தட்டச்சு செய்ய நான் வர மாட்டேன்.

சட்டமிடப்படும் இம்மடலை நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். இன்னொரு படி, சாவிகள் தொங்கும் பலகைக்கு மேலே மாட்டப்படும். காலையில் சாவியை எடுக்கக் கை நீட்டும் எவர் கண்ணிலும் அது படும். கழற்றாத சக்கரத்துக்கு நாளையும் இங்கே கையெழுத்து விழாது.

வண்டிக்கடியிலிருந்து கடைசியாக ஒரு தடவை அந்தக் குரலைக் கொடுத்துவிட்டுப் போங்கள் அண்ணா. மேலே நாங்கள் இருக்கிறோம். பிடிச்சிருக்கோம்.

மூன்றாம் நாள் நான் தப்பாகச் சொன்ன பதிலையும் திருத்தாமல் அப்படியே விடுகிறோம். பிடிச்சிருக்கு.

இங்ஙனம்,
பணிமனை, ஸ்டோர் மற்றும் ஓட்டுநர் பிரிவுத் தோழர்கள் இருபத்தாறு பேர்
(கையெழுத்துகளும் இரண்டு கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)

முதல் கட்டம்: சக்கரம் கழற்றப்பட்டது. உள்பக்கம் பார்க்கப்பட்டது. எழுதியவள் கையெழுத்து.

இரண்டாம் கட்டம்: மேலாளர் கையெழுத்து. இடம் விட்டிருக்கிறோம். பேனா மேசைமேல் இருக்கிறது, சார்.