சந்தை பூட்டின நாளில் மான்கள்

"மான் என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டுது" என்று முன் சீட்டில் ஒரு பிள்ளை சொன்னதும் காதைக் கொடுத்தேன். திருகோணமலைக்கு வருகிற குச்சவெளி பஸ். கம்பஸ் முதல் வருசப் பிள்ளைகள் இரண்டு பேர்.

"திருகோணமலை ரவுனுக்குள்ள மான் வாறது சந்தையில எறியிற மரக்கறிக்குத்தான் எண்டு கட்டுரையில பத்துப் பக்கம் எழுதினனான். சந்தை பூட்டின மூண்டு நாளும் விடியப் போய் எண்ணினன். அந்த நாளிலதான் மான் கூடுதலா நிண்டது."

"அந்த மூண்டு நாளை விடன். மான் வந்து எங்கட சேரிட்டச் சொல்லுமே?"

"பத்துப் பக்கத்தையும் அழிச்சிட்டன்."

"எடி விசரி, நாளைக்கெல்லே கட்டுரை குடுக்கவேணும்?"

"ஓம். நான் நினைச்சது பிழை, ஏன் வருகுது எண்டு இன்னும் தெரியாது எண்டு எழுதப்போறன்."

"சேர் புள்ளியைக் குறைச்சா?"

"குறைக்கட்டும்."

அஞ்சாம் வகுப்போடு நின்று, சொந்த உழைப்பில் மூன்று மீன்பிடி வள்ளம் இறக்கினவன் நான். மரக்கறிக்குத்தான் மான் வருகுது என்று ஊர் முழுக்கச் சொன்னவனும் நான்தான். 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வந்ததே இல்லை.

பஸ்ஸால் இறங்கினபோது சந்தை மதிலடியில் ஒரு மான் நின்றது. அறுபது வருசத்தில் முதல்தரம் நின்று பார்த்தேன்.