சனிக்கிழமை வெளிவந்த மரண வாக்கு

அச்சடிக்கும் காகிதத்தை முந்தின நாளே நனைத்து அடுக்கி, மேலே பலகை வைத்து அழுத்திவிட வேண்டும். காய்ந்த காகிதம் மையைச் சரியாக வாங்காது. நனைத்துவிட்டாலோ மறுநாள் அடித்தே தீர வேண்டும். தள்ளிப்போட்டால் பூசணம் பிடித்துவிடும், அதுவும் லண்டனில், நவம்பரில். நீங்கள் எல்லோரும் அச்சாகி வந்த தாளைத்தான் பார்த்திருப்பீர்கள் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உரிமம் இல்லாமல் அச்சடித்தேனா என்று நாடாளுமன்றக் குழுவின் சார்பில் கேட்டீர்கள். அடித்தேன். ஒபதையா ஃபென் என்கிற நான்தான் எழுதினேன், அச்செழுத்தும் நான்தான் கோத்தேன். அச்சை இழுத்தது ஜெத்ரோ. கோல்மன் தெருவுக்குப் பின்னால் ஒரு பீப்பாய்க் கொட்டகையில் அச்சு இருந்தது. அதைத்தான் உடைத்துப் போட்டுவிட்டீர்களே. தெருவில் கூவி விற்ற ஹெஸ்டருக்குச் சவுக்கடியும் கொடுத்தாகிவிட்டது. இனி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுதான் மிச்சம். அதை நீங்கள் கேட்கவில்லை, அது குற்றப்பட்டியலிலும் இல்லை.

போரில் தோற்ற அரசர் படையின் காவலிலிருந்து தப்பி ஓடிய வாரம் அது. ஓடுவதற்கு முன்புவரை அவர் நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்கும் படைத்தளபதிகளுக்கு வேறொரு வாக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். நாடாளுமன்றத்துக்குப் படை கலைந்து வீட்டுக்குப் போனால் போதும், சம்பள பாக்கியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. தளபதிகள் இரண்டு பக்கமும் பேரம் பேசினார்கள். மத்தளத்துக்குக்கூட இரண்டு பக்கம்தான் இடி. சாதாரணப் படைவீரனுக்கு மூன்று பக்கம். அதைத்தான் எழுதினேன். "வரி கட்டும் கை வாக்கும் அளிக்கட்டும்" என்று தலைப்புப் போட்டு, தொப்பிப் பட்டையில் செருகுகிற அளவுக்கு ஒரு சிறு தாள். அதைச் செருகிக்கொண்டு ஒரு படைப்பிரிவே அணிவகுப்புக்கு வந்து நின்றது. கர்னல் எடுக்கச் சொன்னார். எல்லோரும் எடுத்துவிட்டார்கள், கிடியன் டாப்செல்லைத் தவிர.

கிடியன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்காரன், நாடா நெய்கிறவன், எங்கள் சபையைச் சேர்ந்தவன். நல்ல பையன். அவனைச் சுட்டுக் கொல்லும்படி படைமன்றம் தீர்ப்புச் சொன்னது. திங்கட்கிழமை காலை, சதர்க்கில், செயின்ட் ஜார்ஜ் மைதானத்தில். ஒரு விடுதியின் குதிரை லாயத்துக்கு மேலே அடைத்து வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன்.

"எடுக்கலாம்னுதான் அண்ணே கையத் தூக்கினேன்" என்றான். "பக்கத்துல நின்னவன் 'என்னடா, தொடை நடுங்குதா'ன்னான். கை அப்படியே நின்னு போச்சு. அவன் நைசா அவனோடத எடுத்துப் பையில வச்சுக்கிட்டான்."

இதை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன எழுத முடியும், நீங்களே சொல்லுங்கள். மரண வேளையில் மக்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"எனக்கு எங்கண்ணே பேச வருது? நீங்களே எழுதிடுங்க. உப்பில்லாக் கஞ்சிய யார் குடிப்பாங்க, கொஞ்சம் தாராளமாவே போடுங்க."

ஆக, அனுமதி கொடுத்தது அவன். இந்த இடத்தைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், உங்கள் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சாகப்போகிறவனின் பேச்சை அவன் சாவதற்கு முன்பே அச்சடித்து வைப்பது நான் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. உடல் ஆறுவதற்குள் கூட்டத்தில் விற்றால்தான் விற்பனை. எல்லா அச்சுக்கூடத்திலும் அதுதான் நடக்கிறது, உங்கள் உரிமம் பெற்ற கூடங்களிலும். வெள்ளிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதிக் கோத்தேன். நான் இதுவரை எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. அரசரையும் நாடாளுமன்றத்தையும் தளபதிகளையும் கிடியன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து மன்னிக்கிறான். எந்த இடத்திலும் கெஞ்சவில்லை. கோக்கும்போதே என் கண் கலங்கிவிட்டது. மாலையில் காகிதத்தை நனைத்து வைத்தோம்.

சனிக்கிழமை மதியம் ஜெத்ரோ சாப்பிடப் போயிருந்தபோது கிடியனின் மனைவி தாமசின் வந்தாள். சதர்க்கிலிருந்து பாலத்தைத் தாண்டி ஓடியே வந்திருக்கிறாள்.

"விட்டுடறேன்னு சொல்லிட்டாரு ஒபதையா அண்ணே."

"யாரு?"

"கர்னல்தான். அவர் கால்லயே விழுந்துட்டேன். திங்கக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போயி, முட்டி போடவச்சு, துப்பாக்கியெல்லாம் நீட்டுவாங்களாம். எல்லாம் ஒரு பயம் காட்டத்தான். இவரு எல்லார் முன்னாடியும் 'தப்புதான்'னு ஒரு வார்த்தை சொன்னா அவுத்து விட்டுடுவாங்களாம். இவர்கிட்டயும் சொல்லிட்டேன். 'ஒண்ணென்ன, ஒம்போது தடவை சொல்றேன்'னாரு."

அவள் அழுதாள், சிரித்தாள், தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா அதுவரைக்கும் இவர் பேர்ல ஊருக்குள்ள ஒரு தாளு வரக் கூடாதுன்னு கர்னல் சொன்னாரு. வந்துச்சுன்னா, சொந்த ஆளுங்களையே அடக்கத் தெரியலன்னு பார்லிமென்ட்டுல சிரிப்பாங்களாம். அப்புறம் மன்னிச்சா மேல இருக்கறவங்க தன்னைச் சும்மா விட மாட்டாங்கன்னாரு. நீங்க என்னமோ எழுதறீங்கன்னு இவரு சொன்னாரு. அத மட்டும் நிறுத்திடுங்கண்ணே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"நிறுத்திடறேன். நீ நிம்மதியா வீட்டுக்குப் போம்மா."

மை படிந்த என் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனாள். அந்த வார்த்தையை மனதாரத்தான் சொன்னேன். நான் பொய் பேசுகிறவன் அல்ல.

அவள் போன பிறகுதான் நனைத்து வைத்த காகிதக் கட்டுகளைப் பார்த்தேன். மறுநாள் ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமை அச்சை இழுப்பதோ தெருவில் கூவி விற்பதோ என்னால் ஆகாது. ஆண்டவரின் நாளை ஒருமுறைகூட நான் மீறியதில்லை. திங்கட்கிழமை என்றால், கிடியன் மண்டியிட்டுத் 'தப்புதான்' என்று சொல்லியிருப்பான். ஆயிரம் பேர் அதைக் கேட்டிருப்பார்கள். அன்று மாலைக்குள் எந்தத் தொப்பியிலும் ஒரு தாள் இருக்காது. நாங்கள் பட்ட பாடெல்லாம் ஒரு நாடா நெய்கிறவனின் ஒற்றைச் சொல்லில் போய்விடும். அவனை நான் குறை சொல்லவில்லை. உயிர் யாருக்குத்தான் வெல்லம் இல்லை? ஆனால் அவன் ஒருவனுடைய உயிரா, எல்லோருடைய உரிமையா என்று யாராவது ஒருவர் நிறுத்துப் பார்க்கத்தானே வேண்டும். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஜெத்ரோ வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்ன, தாமசின் சந்தோஷமா போகுது?"

"தாளை இன்னிக்கே வெளியிடணுமாம். அதச் சொல்லத்தான் வந்தா."

"இன்னிக்கா? ஆளு இன்னும் உசுரோட இருக்கானே."

"புருஷன் தன் பேச்சத் தன் காதாலயே கேட்டுட்டுப் போகட்டும்னு ஆசப்படறா."

"எரியற வீட்ல புடுங்குனது லாபம்னு சொல்லுவாங்க. நீங்க பத்த வைக்கறதுக்கு முன்னாடியே புடுங்கறீங்க" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அச்சை இழுக்க ஆரம்பித்தான். அவனுக்கு எதுவும் தெரியாது, அவனை விட்டுவிடுங்கள்.

ஹெஸ்டர் எப்போதும் சந்தைப் பக்கம்தான் விற்பாள். அன்று தாள்களைக் கையில் கொடுத்து, பாலம் தாண்டிச் சதர்க்குக்குப் போகச் சொன்னேன். "அந்தப் பக்கம் முழுக்கப் பட்டாளத்தாளுங்கண்ணே, முதுகுத் தோல உரிச்சிடுவாங்க" என்றாள். கர்னல் தங்கியிருந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று நன்றாகக் கூவு என்றேன்.

கர்னல் பக்திமான். சனிக்கிழமை மாலை கதவைச் சாத்திக்கொண்டு ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டால் தெருச் சத்தம் காதில் விழாது. அதனால் ஒரு பிரதியை மடித்து எடுத்துக்கொண்டு நானும் போனேன். வாசலில் நின்ற காவலனிடம் கொடுத்து, அவசரம், அவர் கையிலேயே சேர்த்துவிடு என்றேன். அவன் உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வரும்வரை எதிர்த்த சுவரோரம் நின்றிருந்தேன். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. என்னைத் தவிர அங்கே இருந்த யாரும் முந்தின மாலை ஆற்றைத் தாண்டிப் போகவில்லை, தாள் வந்த சேதி யாருக்கும் தெரியாது. தாமசின் எழுந்து நின்று எல்லோர் முன்னிலையிலும் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். பிறகு என் பெயரைச் சொல்லி எனக்காகவும் ஜெபித்தாள். அவள் தோளைத் தட்டிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது. நானும் 'ஆமென்' என்றேன். எனக்கு அவள்மீது இரக்கம் இல்லை என்று நீங்கள் எழுதினால் அது தவறு.

திங்கட்கிழமை மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் கையில் என் தாள் இருந்தது. என் பக்கத்தில் நின்ற செருப்புத் தைப்பவர், தேவாலயத்தில் சங்கீதம் படிக்கிறவர்களைப் போலத் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டார், கிடியன் பேசும்போது வரி வரியாகத் தொடர்ந்து வாசிக்கலாம் என்று. தாமசின் முன்வரிசையில் ஒரு கம்பளியோடு நின்றாள். அவிழ்த்துவிட்டதும் அவனுக்குப் போர்த்துவதற்கு.

கிடியன் முகம் கழுவி, தலை வாரி வந்தான். அவனுக்குத் தாளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மண்டியிடச் சொன்னார்கள், மண்டியிட்டான். ஆறு துப்பாக்கிகள் நிமிர்ந்தன. அவன் அவற்றைப் பார்க்கவே இல்லை, கர்னலைப் பார்த்தான். கேட்பதற்கு முன்பே, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல, "தப்புதான் ஐயா" என்றான்.

கர்னல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தப்புதாங்கய்யா" என்று மறுபடி சொன்னான், இன்னும் உரக்க. கூட்டம் சலசலத்தது. செருப்புத் தைப்பவர் தாளில் அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தார். கிடியன் சுற்றிலும் பார்த்தான். மனைவியைத் தாண்டி, அவன் கண் என் மேல் வந்து நின்றது. நான் முன்னால்தான் நின்றிருந்தேன்.

"ஒபதையா அண்ணே, அவருக்குக் காதுல விழலபோல. நீங்க கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணே."

நான் தொப்பியைக் கழற்றினேன். முரசு அடித்தது.

இவ்வளவுதான் நான் சொல்ல இருந்தது. தாள் வராமல் இருந்திருந்தால் கிடியன் டாப்செல் அன்று பிழைத்திருப்பான். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் அனுப்பினேன். அவனுடைய சவ ஊர்வலத்தில் வந்த கூட்டத்தை நீங்களே பார்த்தீர்கள். அதைக் கண்டு பயந்துதானே என்னைப் பிடித்தீர்கள். தான் வந்து சொல்வதற்கு முன்பே தாள் வெளியே போய்விட்டது என்றும், அதைச் சாக்கு வைத்துக் கர்னல் வாக்குத் தவறிவிட்டார் என்றும் தாமசின் நம்புகிறாள். இரண்டாம் பதிப்பின் தாள்களை மடித்துத் தைத்துக் கொடுத்தது அவள்தான், கூலி கூட வாங்கவில்லை.

அவன் மைதானத்தில் பேசியதை இரண்டாம் பதிப்பில் ஏன் சேர்க்கவில்லை என்று அந்தச் செருப்புத் தைப்பவர் என்னைக் கேட்டார். சேர்க்கலாமா என்று நானும் யோசித்துத்தான் பார்த்தேன். ஆனால் அவை கிடியன் பேசக்கூடிய சொற்களாகவே எனக்குப் படவில்லை.